இருக்கப்பட்டவர்கள்

ஆடி மாதத்தில் தென்காசிப் பக்கத்து வானம் ஒரு நிலையில் நிற்பதில்லை. குற்றாலத்து மலைமுகட்டில் மேகம் கவிந்திருக்கும். மெல்லிய சாரல் காற்றோடு வந்து முகத்தில் தெளிக்கும். அடுத்த நாழிகையில் பளீரென்று வெயில் அடிக்கும். அந்த வெயிலில் சுந்தரபாண்டியபுரத்து வயல்களைப் பார்க்க வேண்டும். தென்காசியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்த ஊரில், வரப்புக்கு வரப்பு சூரியகாந்தி பூத்து நிற்கும். இளம் மொக்குகள்தாம் சூரியனோடு கிழக்கிலிருந்து மேற்கே திரும்புகின்றன. முதிர்ந்து விரிந்த பூக்கள் திரும்புவதை விட்டுவிட்டுக் கிழக்கையே பார்த்து நின்றுவிடுகின்றன. ஆயிரக்கணக்கான முகங்கள் ஒரே திசையை நோக்கியிருக்கும் அந்தக் காட்சியைக் காண மலைக்கு அப்பாலிருந்து, கேரளத்திலிருந்தும் கார் கார்களாக ஜனங்கள் வருகிறார்கள்.

வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது யாருடைய வயல்?"

வயல்காரர் சொல்லும் பதிலைக் கவனித்துக் கேளுங்கள். "நமக்குத்தான் ஐயா. அந்த வரப்பு தாண்டி இன்னும் ரெண்டு ஏக்கர் கிடக்கு" என்பார். திருநெல்வேலிச் சீமையின் பேச்சு இது. அங்கே நிலம் 'கிடக்கிறது', தோப்பு 'நிற்கிறது', தொழுவத்தில் மாடு 'நிற்கிறது', வீட்டில் நெல் 'இருக்கிறது'. ஒவ்வொன்றும் அதனதன் இயல்புக்கு ஏற்பத் தானே கிடந்தும் நின்றும் இருந்தும் கொண்டிருக்கிறது. உரிமையாளர், 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமையில் ஓர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்.

இந்த வாக்கியத்தை அவருடைய பேரன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் எழுதவேண்டி வந்தால் என்ன எழுதுவான்? 'ஐ ஹாவ் டூ ஏக்கர்ஸ்' என்று எழுதுவான். பிழையில்லாத வாக்கியம், வாத்தியார் சரி போட்டுவிடுவார். ஆனால் தாத்தாவின் வாக்கியத்துக்கும் பேரனின் வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு பெரிய மாறுதல் நடந்துவிட்டது. எழுவாயாக இருந்த நிலம் செயப்படுபொருளாகிக் கீழே இறங்கிவிட்டது. ஓரத்தில் நின்ற மனிதன் 'நான்' என்று எழுவாயாகி வாக்கியத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

'ஹாவ்' என்ற அந்தச் சிறிய வினைச்சொல் இதைச் செய்கிறது. அதற்கு நேரான ஒற்றைச் சொல் நம்முடைய அன்றாடத் தமிழில் இல்லை. இது நமக்கு ஒரு குறையா, ஒரு பெருமையா, அல்லது இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவதா? எண்ணிப் பார்க்கத் தகுந்த கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு பொருளை 'உடையவனாக' இருப்பது என்றால் என்ன என்ற பழைய தர்ம விசாரம் இந்தச் சின்னச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அது 'ஹாப்பன்' என்று வழங்கியது. ஜெர்மானியர் இன்றும் 'ஹாபன்' என்கிறார்கள். இந்தச் சொற்களுக்கெல்லாம் மூலமாக 'கப்' என்ற ஒரு வேரை மொழிநூலார் காட்டுகிறார்கள். அந்த வேருக்குப் பொருள், பற்றுதல், கையால் பிடித்தல் என்பது. அதே வேரிலிருந்து லத்தீன் வழியாக வந்ததுதான் சிறைபிடிப்பதைக் குறிக்கும் 'காப்சர்' என்ற ஆங்கிலச் சொல். லத்தீனில் 'ஹாபேரே' என்று ஒரு வினை உண்டு. பொருளும் ஏறத்தாழ ஒன்றே, ஒலியும் ஒத்திருக்கிறது. ஆயினும் அது வேறு வேரில் பிறந்தது. பார்வைக்கு உடன்பிறந்தவர் போலத் தோன்றியும் உறவில்லாத இருவர் ஒரே தெருவில் குடியிருப்பதுபோலத்தான் இது. 'ஹாவ்' என்பதற்கு உண்மையான உறவுக்காரன் 'சிறைபிடி' என்ற சொல்தான்.

இப்படிப் பிடித்த கையாகப் பிறந்த சொல், ஆங்கிலத்தில் இன்று செய்யாத வேலை இல்லை. ஆங்கிலேயன் காலை உணவை 'ஹாவ்' செய்கிறான். குளியலை 'ஹாவ்' செய்கிறான். தலைவலியையும், சந்தேகத்தையும், மூன்று குழந்தைகளையும் அதே சொல்லால்தான் உடையவனாகிறான். இதில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் வழக்கம். 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' என்று எழுதி அடி வாங்காத மாணவர்கள் நம்மில் குறைவு. 'இருக்கிறார்கள்' என்ற தமிழ் நிகழ்காலத்தின் நிழல் அந்தப் பிழையில் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். அண்ணன்மார் இருந்துகொண்டே இருக்கிறார்கள். அதைப் 'பிடித்து வைத்திருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது என்று பிள்ளையின் மனம் தயங்குகிறது போலும்!

இறந்த காலத்தைக்கூட ஆங்கிலம் கைப்பிடியில்தான் வைத்திருக்கிறது. 'நான் மீனைப் பிடித்திருக்கிறேன்' என்று சொல்ல, 'ஹாவ்' வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தின் பொருள், 'பிடிபட்ட மீனை என் வசம் வைத்திருக்கிறேன்' என்பதே. நாளடைவில் வசம் வைத்திருப்பது மங்கிப்போய், செய்து முடித்தது என்ற காலப்பொருள் மட்டும் நின்றது. நாமோ அதே கருத்தை, 'சாப்பிட்டிருக்கிறேன், படித்திருக்கிறேன், போயிருக்கிறேன்' என்று 'இரு' என்ற துணைவினையால் சொல்லுகிறோம். அவன் தன் நேற்றுகளை உடைமையாக்கிக் கொண்டான். நாம் நம் நேற்றுகளில் இன்னும் இருந்துகொண்டிருக்கிறோம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'ஐ ஹாவ் டு கோ' என்றால், 'நான் போயாக வேண்டும்' என்று பொருள். செய்யவேண்டிய காரியம் ஒன்றைத் தன் வசம் வைத்திருப்பவன், கடைசியில் அந்தக் காரியத்தின் வசம் தானே அகப்பட்டுப் போகிறான். சொத்து வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. பயிர் வைத்தவன் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். சூரியகாந்தி வைத்தவன் மணி பிடிக்கும் சமயத்தில் விடியற்காலையிலேயே எழுந்து கிளி விரட்டியாக வேண்டும். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கிளி விசாரிப்பதில்லை.

இனி நம் பக்கம் வருவோம். தமிழில் உடைமையைச் சொல்ல வழியே இல்லை என்பது அல்ல. 'வைத்திருக்கிறேன்' என்கிறோம், 'கொண்டிருக்கிறான்' என்கிறோம். ஆனால் இயல்பான பேச்சில் இரண்டு வாசல்கள்தாம் உண்டு. ஒன்று 'எனக்கு'; மற்றொன்று 'என்னிடம்'. இந்த இரண்டுக்கும் நடுவில் நம் பாட்டிமார் இலக்கணம் படிக்காமலே ஒரு நுட்பமான எல்லை கட்டியிருக்கிறார்கள். 'என்னிடம் நூறு ரூபாய் இருக்கிறது' என்போம். 'என்னிடம் ஒரு தம்பி இருக்கிறான்' என்று சொல்ல மாட்டோம். தம்பி 'எனக்கு' இருக்கிறான். நிலமும் உறவும் உடம்பும் 'எனக்கு' வருகின்றன. கைமாறக் கூடியதெல்லாம் 'என்னிடம்' வந்து தங்குகின்றன. ரூபாய் இன்று என்னிடம், நாளை கடைக்காரரிடம். சத்திரத்துத் திண்ணையில் வழிப்போக்கன் தங்குவதுபோல அது நம்மிடம் தங்கிப் போகிறது என்பதை நம் மொழியே ஒப்புக்கொள்ளுகிறது.

இது தமிழுக்கு மட்டுமே வாய்த்த சிறப்பு என்று மார் தட்டவும் வேண்டாம். ஹிந்தியில் 'என் அருகே இருக்கிறது' என்கிறார்கள். அரபு மொழியிலும் ருஷ்ய மொழியிலும் 'என்னிடத்தில் உண்டு' என்பதே அன்றாட வழக்கு. பழைய லத்தீனிலும் 'எனக்கு இருக்கிறது' என்ற அமைப்பு உண்டு. பிரெஞ்சு மொழிநூல் அறிஞர் எமீல் பென்வெனிஸ்த் 1960-இல் எழுதிய ஒரு கட்டுரையில், உலக மொழிகளை எண்ணிப் பார்த்தால் 'எனக்கு இருக்கிறது' என்பதே பரந்த வழக்கு என்றும், 'நான் உடையேன்' என்று எழுவாயை ஏற்றிவைப்பதே அரிய வழக்கு என்றும் எடுத்துக் காட்டினார். எரிக் ஃப்ராம் என்ற மனவியல் அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். உடைமையா, இருப்பா என்று கேட்டு 1976-இல் அவர் வெளியிட்ட நூலில், தனியார் சொத்து வளர வளரத்தான் 'உடையேன்' என்ற வினையும் மொழிகளில் வளர்ந்தது என்ற கருத்தைச் சொன்னார்.

கேட்க இனிமையாக இருக்கிறது. நம் முன்னோர் சொத்தாசை இல்லாத ஞானிகள், அதனால்தான் நம் மொழியில் அந்தச் சொல் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் உண்மை அவ்வளவு சுலபமாக நமக்குச் சாதகமாக இல்லை.

பாண்டிய நாட்டுக் கோயில் சுவர்களைப் படித்துப் பாருங்கள். நிலம் விற்றதும், வாங்கியதும், நான்கெல்லை குறித்ததும், வரி நீக்கியதும் கல்லில் வெட்டிக் கிடக்கின்றன. நிலத்தோடு நிற்கவில்லை; மனிதர்களை விற்கும் அடிமை ஓலைகளும் நம் மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன. 'என்னிடத்தில் உண்டு' என்று அடக்கமாகப் பேசிய ருஷ்யாவில், 1861 வரையில் குடியானவர்கள் பிரபுக்களின் சொத்தாக இருந்தார்கள். அவர்களை 'ஆன்மாக்கள்' என்று தலை எண்ணிக் கணக்கு வைத்தார்கள். அந்தக் கணக்கின் அபத்தத்தை வைத்தே கோகோல் 1842-இல் 'இறந்த ஆன்மாக்கள்' என்ற நாவலை வெளியிட்டார். 'என்னிடம் முந்நூறு ஆன்மாக்கள் இருக்கின்றன' என்று ஒரு ஜமீன்தார் சொல்லும்போது, அவருடைய வேற்றுமை உருபு பணிவாகத்தான் இருக்கும். அந்தப் பணிவால் ஓர் ஆன்மாவுக்கும் ஒரு வேளைக் கஞ்சி கூடக் கிடைத்திராது. ஆக, இலக்கணம் ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்ற நம்பிக்கையை இங்கேயே இறக்கி வைத்துவிட வேண்டும்.

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்று நம் பேச்சிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் பணக்காரரையும் ஏழையையும் 'ஹாவ்ஸ்', 'ஹாவ் நாட்ஸ்' என்று பிரிக்கிறார்கள். பொருளை உடையவர்கள், உடையாதவர்கள் என்று அர்த்தம். ஏழைக்குப் பொருள்தான் இல்லை, அவன் இருக்கிறான். நாம் என்ன சொல்லுகிறோம்? 'அவர்கள் இருக்கப்பட்டவர்கள்', 'இவர்கள் இல்லாதப்பட்டவர்கள்' என்கிறோம். 'உள்ளவன், இல்லாதவன்' என்கிறோம். இந்தச் சொற்களை ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்துக் கேட்டால் நெஞ்சு திடுக்கிடும். உடைமைக்கும் இருப்புக்கும் ஒரே சொல்லை வைத்ததால் வந்த வினை இது. பொருள் உடையவன் 'இருக்கிறவன்' ஆனான். பொருள் இல்லாதவன், ஆளே 'இல்லாதவன்' ஆகிவிட்டான்! ஒரு பொருளும் இல்லாமல் வரப்பில் குனிந்து களை பறிக்கிற மனுஷி, கண்ணெதிரே வேர்வை சிந்த நிற்கிறாள். மொழியோ அவள் இல்லை என்கிறது.

மொழி சொன்னதைத்தான் ஊரும் நெடுங்காலம் செய்தது. சூரியகாந்திக் கொண்டையை அறுப்பதும், காயவைத்து அடித்து மணி பிரிப்பதும் பெண் கைகள் நிறையப் படும் வேலை. ஆனால் ஊரில் யாருக்கு நிலம் இருக்கிறது என்று எண்ணும்போது அந்தக் கைகளை எண்ணும் வழக்கம் இல்லை. குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறவியிலேயே பங்கு. மகளுக்குச் சீர்வரிசையோடு சரி. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் மணமாகாத மகளுக்கு மகனுக்குச் சமமான பிறப்புரிமை கிடைத்தது. 2005-இல் நாடு முழுவதற்குமான சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. குத்தகைக்கு உழுகிறவனை நினைத்தபடி வெளியேற்றாமல் காக்க 1955-இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்தின் கையில் 30 தர ஏக்கருக்கு மேல் நிலம் தங்கக் கூடாது என்று சொல்ல 1961-இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது; 1970-இல் அந்த உச்சவரம்பை 15 ஆகக் குறைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு வாசகர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "உடைமை என்பதே பற்று, பற்று பாவம், நமக்கு 'ஹாவ்' என்ற சொல் இல்லாததே நல்லது என்று பெரியவர்கள் சொல்ல மாட்டார்களா?" சொல்லுவார்கள். சொல்லவும் தகும். ஆனால் யாரிடம் சொல்லுவது என்பதுதான் கேள்வி. நூறு ஏக்கர் உள்ளவரிடம் போய், 'நிலம் உங்களுடையது அல்ல. அது கிடக்கிறது, நீங்கள் அதன் பக்கத்தில் சற்று நேரம் நிற்கிறீர்கள்' என்று சொன்னால் அது உபதேசம். அதே வாக்கியத்தை மூன்று தலைமுறையாக உழுதும் ஒரு செண்டு நிலம் எழுதிக் கொடுக்கப்படாதவனிடம் சொன்னால் அது உபதேசம் ஆகாது. அவனிடமிருந்து ஏற்கெனவே பறித்ததை ஞானத்தின் பேரால் இன்னொரு முறை பறிப்பது அது. தன் பேரில் முதன்முதலாகப் பட்டா வாங்கிய ஒரு பெண், அந்தக் காகிதத்தை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொள்வதைக் கற்பனை செய்து பாருங்கள். அவள் 'ஹாவ்' என்ற சொல்லை அதன் ஆதி வேரோடு, விரல்கள் இறுக, சொல்லட்டும். அவளிடம் பற்றின்மையைப் பேச நமக்கு இன்னும் உரிமை வரவில்லை. அவள் இப்போதுதான் 'இருக்க' ஆரம்பித்திருக்கிறாள்.

துறவு, உடையவனுக்கு மட்டுமே சாத்தியமான தர்மம். இல்லாதவனுக்கு முதலில் வேண்டியது இருப்பு.

அப்படியானால் உடையவன் எப்படி உடையவனாக இருக்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு நம் மொழியும் ஆங்கிலமும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

தமிழில் 'உடைமை' என்ற சொல் உண்டு அல்லவா? 'உடையேன், உடையான், உடையார்' என்பவை குறிப்பு வினைகள். இவை காலத்தை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. 'இருக்கிறது, இருந்தது, இருக்கும்' என்பதில் காலம் ஓடுகிறது. 'உடையான்' என்பதில் காலம் நிற்கிறது. ஆனால் நிலமும் பொன்னும் காலத்தோடு ஓடுகிறவை. காலம் காட்டாத இந்தச் சொல்லை எதற்கு வைத்துக்கொள்வது? திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளைப் புரட்டிப் பாருங்கள். 133 தலைப்புகளில் பத்து, 'உடைமை' என்று முடிகின்றன. அன்புடைமை, அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை, அருளுடைமை, அறிவுடைமை, ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, பண்புடைமை, நாணுடைமை. பத்தில் ஒன்றுகூட நிலமோ பொன்னோ இல்லை. செல்வத்தை வள்ளுவர் மறந்துவிடவில்லை. அதற்கும் அதிகாரம் வைத்தார். ஆனால் அதன் தலைப்பு 'பொருளுடைமை' அன்று, 'பொருள் செயல்வகை'. பொருள் செய்வதற்கு உரியது. உடையதாக இருக்கத் தகுந்தவை வேறு. பயன்படாத செல்வத்துக்குத் தனியாக ஓர் அதிகாரம், 'நன்றியில் செல்வம்' என்று. செல்வத்தைப் பிறரோடு பொதுவாக்கத் தெரிந்துகொள்வதற்கு மற்றோர் அதிகாரம், 'ஒப்புரவறிதல்' என்று. கொடுப்பதைக்கூட அங்கே 'அறிதல்' என்றார். அது கற்றுக்கொள்ளவேண்டிய ஒன்று.

இனி ஆங்கிலத்துக்குப் போவோம். 'ஹாவ்' என்பதோடு உடைமைக்கு இன்னொரு குடும்பமும் அங்கே உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'ஆகன்' என்ற வினைக்கு உடையவனாயிருத்தல் என்று பொருள். அந்த ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகள். சொந்தமாகக் கொள்ளுதலைக் குறிக்கும் 'ஓன்' ஒரு பிள்ளை. கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் 'ஓ' இரண்டாம் பிள்ளை. செய்யக் கடமைப்பட்டிருத்தலைக் குறிக்கும் 'ஆட்' மூன்றாம் பிள்ளை. ஷேக்ஸ்பியர் காலம் வரையில்கூட, 'கடன்பட்டிருக்கிறேன்' என்று இன்று பொருள்படும் சொல்லை 'உடையவனாயிருக்கிறேன்' என்ற பொருளிலும் வழங்கினார்கள். உடையவன், கடனாளி, கடமைக்காரன் மூவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்! பிறகு மூவரும் தனித்தனியே குடித்தனம் போய்விட்டார்கள். முதல் பிள்ளை மற்ற இருவரையும் இன்று தெரிந்தவன்போலவே காட்டிக்கொள்வதில்லை.

நம் 'கடன்' என்ற சொல்லும் இதையே சொல்லும். வட்டிக்கு வாங்கினதும் கடன். செய்தே தீரவேண்டிய தர்மமும் கடன். அதிலிருந்து வந்ததே கடமை. இடைக்காலக் கல்வெட்டுகளில் நிலத்துக்குச் செலுத்திய வரிக்கும் 'கடமை' என்றே பெயர். நிலம் இருந்தால் கடமை இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் நிலத்தை ஏக்கரால் அளப்பதற்கு முன் 'கோட்டை விதைப்பாடு' என்று அளந்தார்கள். இத்தனை கோட்டை நெல் விதைக்கக் கூடிய இடம் என்று பொருள். எனக்கு எவ்வளவு தருகிறது என்பதை வைத்து அல்ல, நான் அதற்கு எவ்வளவு விதை கொடுக்கவேண்டும் என்பதை வைத்து அளந்த அளவு அது. ஆங்கிலேயரின் ஏக்கரும் ஆதியில் ஒரு நாள் உழவைக் குறித்த அளவுதான். எல்லாத் தேசத்திலும் நிலத்தை முதலில் அளந்தது உழைப்புத்தான். சங்கிலியும் டேப்பும் பிறகு வந்தன.

உடைமைக்கும் கடனுக்கும் உள்ள இந்த உறவைத் தெரிந்துகொள்ள மொழிநூல் படிக்கவேண்டியதும் இல்லை. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தென்காசிக்குத் திரும்பி, காசி விசுவநாதர் கோயிலுக்குள் போனால் போதும். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் அது. மதுரையை இழந்து தெற்கே வந்த பாண்டிய குலத்தின் அரசன் அவன். ராஜ்யம் கைவிட்டுப் போவது எப்படி என்பது அந்தக் குலத்துக்குத் தெரியும். அவன் தன் கோயிலில் வெட்டிவைத்த பாட்டு ஒன்றின் கருத்து இது: இந்தக் கோயிலுக்கு என்றாவது ஒரு குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் சரி, அவரை உலகம் அறியப் பணிகிறேன்.

கல்வெட்டுகளில் மிகுதியும் காண்பது வேறு. தர்மத்துக்குத் தீங்கு செய்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சபிப்பார்கள். இவன் சபிக்கவில்லை, கும்பிட்டான். அதுவும் யாரை? தன் குலத்தில் பிறக்கப்போகிறவனை மட்டும் அல்ல. யாரோ, எவரோ, பெயர் தெரியாத ஒருவரை. கட்டியவன் நான், ஆகையால் இது என்னுடையது என்ற எண்ணம் இருந்தால் இந்தக் கும்பிடு வந்திருக்காது. கட்டியதால் உரிமை வருவதுபோல, காப்பதாலும் உரிமை வருகிறது என்று அவன் கண்டுகொண்டான். தான் 'இல்லாத' காலத்திலும் அது 'இருக்க' வேண்டும் என்பதற்காகத் தன் உரிமையை முன்கூட்டியே வேறு யாருக்கோ எழுதிவைத்தான்.

அவன் அஞ்சிய குறையும் வந்தது. 1924-இல் கோபுரம் தீயில் சிதைந்தது. 66 ஆண்டுகள் சிதைந்தே நின்றது. 1990-இல் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்தது. கொடுத்தவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. கல் சுமந்தவர்களும் சாந்து குழைத்தவர்களும் உண்டு. எல்லாரையும் பராக்கிரம பாண்டியன் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கும்பிட்டுவிட்டான். இருக்கப்பட்டவரையும் இல்லாதப்பட்டவரையும் அந்தக் கும்பிடு பிரிக்கவில்லை.

வயலைப் பார்க்க வருகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பூவைப் பார்ப்பதற்குப் பட்டா வேண்டாம். அந்த மஞ்சள் வெள்ளம், பார்க்கும் நேரத்தில் பார்க்கிறவருக்கெல்லாம் 'இருக்கிறது'. 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் கதாநாயகிக்குச் சுந்தரபாண்டியபுரத்தையே ஊராகக் கொடுத்தார்கள். அதன் பிறகு எத்தனையோ லட்சம் பேருக்கு, போகாமலே அந்தப் பெயர் சொந்தமாகிவிட்டது. ஆனால் பார்ப்பதோடு சிலருக்கு மனம் நிறைவதில்லை. படம் எடுக்க வரப்பை மிதித்து உள்ளே இறங்குகிறார்கள், செடி முறிகிறது. போகிறபோது ஒரு பூவை ஒடித்துக் காரில் போட்டுக்கொள்கிறார்கள். அது செங்கோட்டை தாண்டுவதற்குள் வாடிவிடுகிறது. சில வயல்காரர்கள் உள்ளே இறங்குவதற்குக் கட்டணம் வைத்திருக்கிறார்கள் என்றால், அதைப் பேராசை என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. நாம் கண்ணால் அனுபவித்ததற்கு ஒரு கடன் உண்டு என்பதை நாமாக நினைக்காதபோது, அவர் நினைவூட்டுகிறார், அவ்வளவுதான்.

'ஹாவ்' என்ற வினைக்கு ஆங்கிலத்திலேயே ஒரு நல்ல மகன் பிறந்திருக்கிறான். 'பிஹேவ்' என்று அவனுக்குப் பெயர். குழந்தைகளைப் பார்த்து 'ஒழுங்காக நடந்துகொள்' என்று சொல்லும்போது ஆங்கிலேயர் இந்தச் சொல்லைத்தான் வழங்குகிறார்கள். 'ஹாவ்' என்பதன் முன் 'பி' என்ற முன்னொட்டைச் சேர்த்து ஆன சொல் அது. தன்னைத் தானே தன் வசத்தில் வைத்திருத்தல் என்பதே அதன் ஆதிப் பொருள். எதையெதையோ எட்டிப் பிடிக்கப் பிறந்த கை, கடைசியில் தன்னைத் தான் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. வள்ளுவரின் அடக்கமுடைமையும் ஒழுக்கமுடைமையும் இதைவிட வேறல்ல.

மொழியை நம்மால் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். பேரன் 'ஐ ஹாவ்' என்று எழுதட்டும். தாத்தா 'நமக்குக் கிடக்கு' என்று சொல்லட்டும். இரண்டிலும் குற்றம் இல்லை. ஆனால் 'எனக்கு இருக்கிறது' என்று சொல்லும்போதெல்லாம், அதை இருக்கச் செய்த கைகள் யாருடையவை, அவர்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒரு தரம் எண்ணிப் பார்க்கும் பழக்கம் வரவேண்டும். வரப்பில் குனிந்து நிற்கிறவளையும் சேர்த்து 'இருக்கப்பட்டவர்கள்' என்று ஊர் சொல்லும் நாளில்தான், அந்தச் சொல்லுக்கு நம் மொழி கொடுத்த பொருள் நிறைவேறும்.